சேர் சி. வி. இராமன்: அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் ஒரு விஞ்ஞானி

லாச்சப்பல் மெற்றோ நிலையத்தின் உயர்ந்த தண்டவாளத்தின் கீழே மாலை வேளையில் சற்று நின்று பார்ப்பவர்கள் ஒன்றைக் காண்பர். வேலை முடிந்து வருவோரும் வேலைக்குப் புறப்படுவோரும் அங்கே ஒருவரையொருவர் கடந்து செல்கின்றனர். உணவகங்களில் கோப்பை கழுவுவோர், கட்டடங்களைத் துப்புரவு செய்வோர், கடைகளில் மூட்டை இறக்குவோர் எனப் பலர். அவர்களுள் ஊரில் ஆசிரியராக இருந்தவர் உண்டு. பொறியியல் கற்றவர் உண்டு. பல்கலைக்கழகப் படிப்பை நடுவழியில் விட்டுவிட்டு உயிர் காத்து வந்தவரும் உண்டு. வதிவிட அட்டைக்காகக் காத்திருக்கும் ஆண்டுகளில் கற்ற கல்வி துருப்பிடித்துப் போகின்றதே என்னும் துயரம் இவர்கள் எல்லோர்க்கும் பொதுவானது. ஒரு காலத்தில் விரிவுரை மண்டபத்தில் நின்று பழகிய எமக்கும் அத்துயரம் அந்நியமானதன்று.

இத்தகைய வேளையில் எமது நினைவுக்கு வருபவர் சேர் சந்திரசேகர வெங்கட இராமன். ஒளிச்சிதறல் பற்றிய ஆய்வுக்காக 1930ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற தமிழர் என்ற அளவில் அவரை எமது பிள்ளைகளும் அறிவர். ஆனால் பத்து ஆண்டுகள் அவர் முழுநேர அரசாங்கக் கணக்கதிகாரியாக இருந்துகொண்டே, அலுவலகம் திறக்குமுன்னும் மூடிய பின்னும் ஆய்வு செய்தவர் என்பதை அறிந்தோர் சிலரே. எமது நிலையையும் அவரது நிலையையும் ஒன்றென நாம் கூற வரவில்லை. அவருக்கு உயர்ந்த சம்பளம் இருந்தது. சொந்த நாட்டில் வாழும் பேறும் இருந்தது. எனினும் பிழைப்புக்கு ஒரு தொழில், அறிவுக்கு ஒரு தொழில் என்று இரண்டைத் தாங்கி நிற்பதன் பாரத்தை அவர் அறிந்திருந்தார்.

திருவானைக்காவிலிருந்து கல்கத்தாவுக்கு

திருச்சிராப்பள்ளிக்கு அருகே காவிரி சூழ்ந்த திருவானைக்காவில் 1888 நவம்பர் 7ஆம் நாள் இராமன் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர், தாயார் பார்வதி அம்மாள். எட்டுப் பிள்ளைகளுள் இவர் இரண்டாமவர். தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் பணியேற்றமையால் குடும்பம் அங்கு பெயர்ந்தது. 1903இல், பதினைந்து வயது நிரம்புமுன்னரே, இராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1904இல் பி.ஏ. தேர்வில் முதல்வராகத் தேறினார். மாணவராக இருந்த காலத்திலேயே, செவ்வக வடிவத் துவாரம் ஒன்றினூடாக ஒளி வளைந்து செல்லும் விதம் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1906 நவம்பரில் இலண்டன் விஞ்ஞான ஏடு ஒன்றில் வெளியாயிற்று.

அக்காலத்தில் ஆய்வுத்துறையில் முன்னேற விரும்பிய இந்தியர் இங்கிலாந்து செல்லவேண்டும். இராமனின் உடல் அந்நாட்டுக் குளிரைத் தாங்காது என மருத்துவர் தடுத்துவிட்டார். இந்தியாவில் விஞ்ஞானத்தைத் தொழிலாகக் கொண்டு வாழ வழி அரிது. ஆகவே அவர் இந்திய நிதித்துறைத் தேர்வை எழுதி அதிலும் முதலிடம் பெற்றார். 1907இல் லோகசுந்தரி அம்மையாரை மணந்து, அதே ஆண்டின் நடுப்பகுதியில் உதவிக் கணக்காயர் பதவியை ஏற்கக் கல்கத்தா சென்றார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

அலுவலகத்துக்கு டிராம் வண்டியில் சென்றுவந்த ஒரு நாள், பௌபஜார் வீதி 210ஆம் இலக்கக் கட்டடத்தில் ஒரு பெயர்ப்பலகையை அவர் கண்டார். இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் என்று அதில் எழுதியிருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் வங்காள மருத்துவர் 1876இல் நிறுவிய நிலையம் அது. இந்தியர்கள் தமது முயற்சியாலேயே விஞ்ஞானம் வளர்க்கவேண்டும் என்ற நோக்கத்தோடு தொடங்கப்பட்டது. கருவிகள் இருந்தன, ஆய்வுகூடம் இருந்தது. ஆய்வு செய்வோர்தாம் இல்லை. இராமன் கதவைத் தட்டினார். திறந்தவர் ஆசுதோஷ் தே. பின்னர் பல ஆண்டுகள் இராமனின் வலக்கையாக விளங்கிய உதவியாளர் அவரே. கழகத்தின் செயலாளராக இருந்தவர் நிறுவுநரின் மகன் அமிர்தலால் சர்க்கார். தந்தை எதிர்பார்த்திருந்த மனிதர் வந்துவிட்டார் என மகிழ்ந்து ஆய்வுகூடம் முழுவதையும் இராமனிடம் ஒப்படைத்தார்.

அன்று முதல் அவரது நாள் மூன்று கூறாயிற்று. விடியற்காலையில் ஆய்வுகூடம், பகலில் அரசாங்கக் கணக்குகள், மாலையில் இரவு நெடுநேரம்வரை மீண்டும் ஆய்வுகூடம். 1909இல் ரங்கூனுக்கும் 1910இல் நாகபுரிக்கும் மாற்றப்பட்டபோது வீட்டையே ஆய்வுகூடம் ஆக்கினார். 1911இல் கல்கத்தா திரும்பினார். வயலின், வீணை முதலிய நரம்புக் கருவிகளின் அதிர்வுகளை ஆராய்ந்தார். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலின் நடுவே இடப்படும் கரிய பூச்சே அதன் அதிர்வுகளை இசைக்கு இயைந்த சுருதிகளாக்குகின்றது என அவரும் அவரது துணைவரும் 1920இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. எமது முன்னோர் செவியால் கண்டறிந்ததை அவர் அளந்து காட்டினார் எனலாம்.

1917இல், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் சேர் ஆசுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்று, பாலித் பௌதிகப் பேராசிரியர் பதவியில் அமர்ந்தார். சம்பளம் பெரிதும் குறைந்தது. அப்பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெறவேண்டும் என்ற நிபந்தனையை ஏற்க இராமன் மறுக்க, நிபந்தனையே கைவிடப்பட்டது.

கடலின் நீலம்

1921இல் ஒக்ஸ்போர்டில் நடைபெற்ற பல்கலைக்கழக மாநாட்டுக்காக இராமன் முதன்முறையாக ஐரோப்பா வந்தார். திரும்பும் வழியில் நர்கண்டா என்ற கப்பலின் மேற்றட்டில் நின்று மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு வியந்தார்.

வானம் ஏன் நீலமாக இருக்கின்றது என்பதற்கு ஆங்கில விஞ்ஞானி ரேலி பிரபு ஏற்கெனவே விடை கூறியிருந்தார். காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. அலைநீளம் குறைந்த நீல ஒளி, சிவப்பு ஒளியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாகச் சிதறுகின்றது. ஆகவே எத்திசையில் நோக்கினும் நீலமே எமது கண்ணை அடைகின்றது. தூசற்ற தூய வாயுவும் ஒளியைச் சிதறடிக்கும் என்பதை 1915இல் ஆய்வுகூடத்தில் நிறுவியவர் பிரெஞ்சு விஞ்ஞானி ஜோன் கபான். ஆனால் கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று ரேலி கருதியிருந்தார்.

இராமனின் சட்டைப்பையில் நிக்கோல் அரியம் ஒன்று இருந்தது. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியைத் தகுந்த கோணத்தில் அதனால் தடுத்துவிடலாம். தடுத்துப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பு மறைந்தது. கடலின் நீலம் மறையவில்லை. முன்னிலும் ஆழமாகத் தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்பது அவருக்கு உறுதியாயிற்று. கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் அம்முடிபை எழுதி இலண்டனுக்கு அனுப்பினார். பயணிகள் எல்லோரும் கண்ட கடல்தான் அது. அவர் கேள்வி கேட்டார் என்பதே வேறுபாடு.

1928 பெப்ரவரி 28

அடுத்த ஏழு ஆண்டுகள் ஒளிச்சிதறலே அவரது முழுக் கவனமாயிற்று. தென்னாட்டிலிருந்தும் வங்கத்திலிருந்தும் இளைஞர்கள் பௌபஜார் வீதிக்கு வந்து சேர்ந்தனர். அவர்களுள் கே. ஆர். இராமநாதன், தூய்மையாக்கிய நீரிலும் சிதறிய ஒளியோடு நிறம் மாறிய மெல்லிய ஒளி ஒன்று கலந்திருப்பதை 1923இல் கண்டார். அழுக்கினால் ஏற்பட்டதெனப் பலரும் தள்ளிவிடக்கூடிய அச்சிறு மிச்சத்தை இராமன் தள்ளிவிடவில்லை. 1928இன் தொடக்கத்தில், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அத்தேடலைத் தொடர்ந்தார். அவ்வாண்டு பெப்ரவரி 28ஆம் நாள், ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் திருசியமானியினூடாக நோக்கியபோது, சிதறிய ஒளியில் முன்னர் இல்லாத புதிய நிறம் தனித்து நின்றது. மறுநாளே செய்தி வெளியிடப்பட்டது. பயன்படுத்திய கருவிகளின் விலை சில நூறு ரூபாய்களுக்குள் அடங்கும்.

நிகழ்ந்தது யாது? ஒளித்துகள் ஒன்று மூலக்கூறின்மீது மோதுகையில் பெரும்பாலும் அதே ஆற்றலோடு திரும்புகின்றது. கோடியில் ஒன்று என்ற அளவிலேயே அது தன் ஆற்றலில் ஒரு பகுதியை மூலக்கூறின் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டு, நிறம் மாறி வெளியேறுகின்றது. எவ்வளவு மாறிற்று என்பதை அளந்தால், மோதிய மூலக்கூறு எதுவெனக் கூறிவிடலாம். மனிதருக்குக் கைவிரல் அடையாளம் போன்று பொருளுக்கு இது.

மொஸ்கோவில் மண்டெல்ஸ்ராம், லாண்ட்ஸ்பேர்க் ஆகிய இருவரும் அதே வாரங்களில் பளிங்குக் கல்லில் இவ்விளைவைக் கண்டிருந்தனர். ஆயின் இராமனின் அறிவிப்பு முந்திக்கொண்டது. பிரான்சில் கபானும் இத்தகைய விளைவைத் தேடிக்கொண்டிருந்தார், கிட்டவில்லை.

1929இல் சேர் பட்டமும் 1930இல் நோபல் பரிசும் இராமனை வந்தடைந்தன. விஞ்ஞானத் துறையில் அப்பரிசு பெற்ற முதல் ஆசியர் அவர். ஸ்ரொக்ஹோம் மண்டபத்தில் தாம் பிரித்தானியக் கொடியின் கீழ் அமர்ந்திருப்பதைக் கண்டபோது, தமது நாட்டுக்கெனக் கொடி ஒன்று இல்லையே என்று மனம் உடைந்ததாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கொடியற்றவரின் மனநிலை எத்தகையது என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கவேண்டிய தேவை இல்லை.

அகதிக்காகத் தட்டிய கதவு

இராமன் வாழ்வில் எமக்கு மிக நெருக்கமான அத்தியாயம் பரிசுக்குப் பின்னரே வருகின்றது. 1933இல் அவர் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தின் இயக்குநரானார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. அதே ஆண்டு ஜேர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர் என்ற காரணத்தால் நூற்றுக்கணக்கான அறிஞர்கள் பதவி இழந்தனர். அவர்களுள் ஒருவர் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மக்ஸ் போர்ன். குவாண்டம் பொறியியலை உருவாக்கியோருள் ஒருவரான அவர், கேம்பிரிட்ஜில் தற்காலிக இடம் பெற்று வாழ்ந்துவந்தார்.

வாய்ப்பு எங்கே பிறக்கின்றது என்பதை இராமன் கண்டார். ஐரோப்பா துரத்திய அறிவை இந்தியா வரவேற்றால் இருசாராரும் பயனடைவர் என்பது அவர் கணக்கு. 1935இல் அவரது அழைப்பின்பேரில் போர்ன் மனைவியோடு பெங்களூர் வந்து சுமார் ஆறு மாதம் தங்கிக் கற்பித்தார். அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி வழங்கவேண்டுமென இராமன் முன்மொழிந்தார். நிறுவனக் கூட்டத்தில் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் எழுந்து, சொந்த நாட்டாலேயே துரத்தப்பட்ட இரண்டாந்தர அந்நியர் இந்நிறுவனத்துக்குத் தேவையில்லை என்ற கருத்துப்படப் பேசினார். போர்னும் அக்கூட்டத்தில் இருந்தார். அவமானம் தாங்காது வீடு திரும்பி அழுததாக அவரே பின்னர் எழுதியுள்ளார்.

பதவி கிடைக்கவில்லை. 1936இல் எடின்பரோப் பல்கலைக்கழகம் போர்னை ஏற்றுக்கொண்டது. இரண்டாந்தரத்தவர் எனப்பட்ட அந்த அகதிக்கு 1954இல் நோபல் பரிசு கிடைத்தது. இராமனுக்கோ, நிருவாக முறையையும் செலவினங்களையும் பற்றிய குற்றச்சாட்டுகள் சூழ்ந்து, 1937இல் இயக்குநர் பதவியைத் துறக்க நேர்ந்தது. இழந்தது யார் என்பதை வாசகர்களே முடிவு செய்யலாம்.

இராமனும் குறையற்றவர் அல்லர். 1933இல் கமலா பாக்வத் என்ற மாணவி பெங்களூரில் இடம் கேட்டபோது, பெண் என்பதற்காக அவர் மறுத்தார். அப்பெண் விடாது வாதாடி நிபந்தனைகளோடு சேர்ந்து தகுதியை நிரூபித்தார். 1939இல் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அகதிக்குக் கதவைத் திறக்க முயன்ற கையே பெண்ணுக்கு அதை மூடப் பார்த்தது என்பதையும் நாம் மறைத்தலாகாது. பின்னர் அவரது ஆய்வுகூடத்தில் பெண்களும் பணிபுரிந்தனர். வானிலை விஞ்ஞானி அன்னா மணி அவர்களுள் ஒருவர். பளிங்குகளின் அதிர்வு பற்றி மக்ஸ் போர்னோடு பிற்காலத்தில் நிகழ்த்திய நீண்ட விவாதத்திலும் இராமனின் கொள்கை நிலைக்கவில்லை.

விண்மீன்களுக்கு இடையேயுள்ள தூசு

இராமனின் தமையனார் சுப்பிரமணிய ஐயரின் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1928 கோடை விடுமுறையில் பதினேழு வயது மாணவராகக் கல்கத்தா ஆய்வுகூடத்தில் அவர் தங்கியிருந்தார். 1930இல் கப்பலேறி இங்கிலாந்து சென்றவர், 1937இல் அமெரிக்காவில் பணியேற்று, 1953இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார். வானத்து வாயு மண்டலங்களில் ஒளி பன்முறை சிதறிச் செல்லும் விதத்தைக் கணித்து 1950இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் அத்துறையின் அடிப்படை நூலாகும். சில விண்மீன்களின் ஒளி முனைவாக்கம் பெற்றிருக்கும் என்று அவர் கூறியதைச் சோதிக்கப் புகுந்தார் யேர்க்ஸ் வானாய்வகத்தைச் சேர்ந்த ஹில்ற்னர். 1949இல் அவர் கண்டதோ எதிர்பாராத வேறொன்று: விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் நுண்ணிய தூசுகளே ஒளியை முனைவாக்குகின்றன. ஹோல் என்பவரும் தனியே அதையே கண்டார். சந்திரசேகருக்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தது. 1995இல் அவர் காலமானார்.

இன்று அண்டத் தூசை ஆராய்வோர் அதன்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறும் ஒளியில் இராமன் கண்ட நிறமாற்றத்தையே அளக்கின்றனர். தூசிலுள்ள கரி எவ்வளவு வெப்பத்துக்கு உள்ளானது, அதில் என்ன கனிமங்கள் உள என்பவற்றை அத்துகளைச் சிதைக்காமலே அறியமுடிகின்றது. 2021இல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியின் கருவிகளுள் ஒன்று இம்முறையைப் பயன்படுத்துகின்றது. அக்கருவியின் ஒரு பாதி பிரான்சில் உருவானது.

பிரெஞ்சு ஆய்வாளர்கள் தென்துருவக் கண்டத்தின் நடுவே, கொன்கோர்டியா நிலையத்துக்கு அருகே பனியை வெட்டியெடுத்து உருக்கி வடித்து, மணலிலும் சிறிய விண்தூசுகளைச் சேகரித்துள்ளனர். இருபது ஆண்டுகளில் ஆறு பயணங்களின் பின், ஆண்டுதோறும் சுமார் 5,200 தொன் விண்தூசு பூமியில் வீழ்கின்றது என 2021இல் அவர்கள் கணித்தனர். அதற்கு நாட்டு எல்லை இல்லை. திருவானைக்காவிலும் யாழ்ப்பாணத்திலும் லாச்சப்பல் கூரைகளிலும் அது ஒருபோலவே வீழ்கின்றது.

திறந்திருக்கும் கதவுகள்

1948இல் ஓய்வு பெற்ற இராமன், பெங்களூரில் தமது பெயரால் ஓர் ஆய்வு நிறுவனத்தை அமைத்தார். அரசாங்க உதவி ஆய்வாளரின் சுதந்திரத்தைப் பறித்துவிடும் என அஞ்சி, தாமே திரட்டிய நிதியில் அதை நடத்தினார். 1954இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1970 நவம்பர் 21ஆம் நாள் காலமானார். அவர் விரும்பியவாறே நிறுவனத் தோட்டத்தில் உடல் எரிக்கப்பட்டு, அவ்விடத்தில் மரம் ஒன்று நடப்பட்டது. அந்நிறுவனம் இன்றும் ஒளியியலிலும் வானியலிலும் ஆய்வு செய்துவருகின்றது.

இராமன் முதலில் தட்டிய கதவு திறந்தது. போர்னுக்காக அவர் தட்டிய கதவு திறக்கவில்லை. எமது மக்களும் இருவகைக் கதவுகளையும் கண்டவர்கள். ஆகவே இந்நகரில் திறந்திருப்பவற்றைச் சொல்லி முடிப்பது எமது கடன். நாடிழந்த ஆய்வாளர்களைப் பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்களில் அமர்த்த உதவும் 'போஸ்' என்ற திட்டம் 2017இல் தொடங்கப்பட்டு, கொலேஜ் து பிரான்சின் அரவணைப்பில் நடைபெறுகின்றது. விழும் விண்கற்களைக் கெமராக்களால் கண்காணித்து, பொதுமக்களின் துணையோடு தேடும் அமைப்பு ஒன்று 2016 முதல் இயங்குகின்றது. 2023 பெப்ரவரியில் நோர்மண்டியில் வீழ்ந்த விண்கல்லின் முதல் துண்டைக் கண்டெடுத்தவர் பதினெட்டு வயது மாணவி ஒருவர். கொன்கோர்டியாத் தூசுகளை ஆராயும் ஓர்சே நகர், கார் து நோரில் ஏறினால் இறங்காமலே சென்றடையக்கூடிய தூரத்தில், அதே 'பி' தொடருந்து வழியில் இருக்கின்றது. நண்பகல் வேலைக்குச் செல்லுமுன் ஒரு மணி நேரம் கிடைப்பவர்களும் பிள்ளைகளை அழைத்துச் செல்ல விரும்புபவர்களும் கொலேஜ் து பிரான்ஸ் விரிவுரைகளுக்குச் செல்லலாம். கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, சான்றிதழ் கேட்பதும் இல்லை. இடம் இருக்கும்வரை எவரும் உள்ளே சென்று அமரலாம்.

பௌபஜார் வீதியில் பெயர்ப்பலகையைக் கண்டதும் அந்தப் பதினெட்டு வயதுக் கணக்கதிகாரி டிராம் வண்டியிலிருந்து இறங்கினார். நாம் செய்யக்கூடியதும் அதுவே.